முழத்துக்கு அரை ஓம்

அரியலூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அதன் இயற்பியல் ஆய்வகத்தில் கொளஞ்சியம்மாளுக்கு அரசாங்கம் விதித்த வேலை மூன்றுதான்: பூட்டைத் திறப்பது, மேசை துடைப்பது, பூட்டைப் பூட்டுவது. மற்ற வேலைகளெல்லாம் அவளாகப் பார்த்து எடுத்துக்கொண்டவை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனால் ஒரே பாடத்தை ஒரே டீச்சர் வாயால் ஐந்து வருஷம் கேட்டால் சுவரில் இருக்கிற பல்லிக்குக்கூட ஏறிவிடும். ஏறியும் இருந்தது. லீலாவதி டீச்சர் கேள்வி கேட்டு, பெண்கள் சரியான விடை சொன்னால் மட்டும் அந்தப் பல்லி 'இச் இச்' என்று கொட்டும். தப்பான விடைக்கு வாயே திறக்காது. தலைமையாசிரியை இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு ஈசலைப் பிடித்து வந்து அதற்குப் போட்டுவிட்டுப் போனார்களாம்.

பல்லிக்கே அப்படியென்றால் கொளஞ்சியம்மாளைக் கேட்க வேண்டுமா? டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போனதும், புரியாத பெண்கள் இவளைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"கொளஞ்சியக்கா, வோல்ட்டு, ஆம்பியரு, ஓமு மூணும் கொழம்புதுக்கா."

"செயங்கொண்டம் டவுன் பஸ்ல ஏறியிருக்கியா?"

"தெனமும் ஏறுறேன்."

"கண்டக்டர் கீழ நின்னு 'ஏறு ஏறு'ன்னு தள்ளுறாரு பாரு, அந்தத் தள்ளு வோல்ட்டு. ஏறுற சனம் ஆம்பியரு. படியிலயே நின்னுகிட்டு உள்ளயும் போவாம எறங்கவும் எறங்காம ஒருத்தன் வழிய மறிச்சிக்கிட்டு நிப்பான் பாரு..."

"அவன் ஓமு!"

"அவனேதான். அவன் எத்தன பெரிய ஆளுன்னு தெரியணும்னா, தள்ளுன தள்ள ஏறுன சனத்தால வகுத்துப் பாரு."

"அப்ப வாட்டு?"

"தள்ளையும் சனத்தையும் பெருக்கு. அதான் பஸ்ஸுக்குள்ள அடிக்கிற வேக்காடு."

இந்தப் பாடத்தை ஒட்டுக்கேட்ட லீலாவதி டீச்சர் மறுவருஷத்திலிருந்து இதையே தன் பாடமாக நடத்த ஆரம்பித்தார். பஸ்ஸை மட்டும் ரயிலாக மாற்றிக்கொண்டார். டீச்சர் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

கொளஞ்சியைப் பெற்றவள் இருசம்மாள், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தே காய்த்துப்போன கைக்காரி. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் கொளஞ்சிதான். இருசம்மாள் அதை ஊருக்குள் அளந்த அளப்பு கொஞ்சமில்லை. "எம் பொண்ணு கரண்டுக்கே கணக்குப் போடுறவ. அவ சுவிச்ச தொட்டாத்தான் அரியலூர்ல வெளக்கு எரியும்" என்பாள். விளைவு, எறையூரில் கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு ஆள் போகாது, நேராக இருசம்மாள் வாசலுக்கு வந்து, "ஏன் ஆயா, உன் மொவ என்னா கோவத்துல இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த வேலை போய்விட்டால் ஆத்தாள் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பது கொளஞ்சிக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் மரக்கட்டையில் சுற்றிய கம்பிச் சுருள்கள் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இது இரண்டு ஓம், இது மூன்று, இது ஐந்து என்று வாங்கிய காலத்திலேயே ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி, கோபுர முத்திரை குத்தியாகிவிட்டது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தால் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து லீலாவதி டீச்சர் ஒரு பட்டியல் எழுதுவார். வெளியூரிலிருந்து வருகிற பரீட்சை அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மார்க் போடுவார். பெண்கள் வோல்ட் மீட்டரைப் பார்த்து, அம்மீட்டரைப் பார்த்து, வகுத்து, சுருளின் தடை இத்தனை ஓம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

அதற்கெல்லாம் அவர்கள் சிரமப்பட்டதில்லை. கொளஞ்சி துடைக்கிற துணியோடு மேசை மேசையாக வருவாள். மூன்று ஓம் என்றால் விரல் முட்டியால் மூன்று தட்டு. ஐந்து ஓம் என்றால் ஐந்து. பெண்கள் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற வோல்ட்டையும் ஆம்பியரையும் பின்னாலிருந்து சமைத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் ஒரு அதிகாரி, "என்னம்மா தட்டிக்கிட்டே இருக்கே?" என்று கேட்டார். "கரையான் அரிச்சிருக்கான்னு பாக்குறேன் சார்" என்றாள். அவர் பயந்துபோய் நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஓம் விதியில் ஒரு பெண்ணும் மார்க் இழந்ததில்லை.

இப்படி எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடிக்கொண்டிருந்த காரியத்தில் மண் விழுந்தது டீயால்.

லீலாவதி டீச்சருக்குப் பதினொரு மணிக்குச் சூடாக ஒரு டம்ளர் டீ வேண்டும். கடையோ பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் சிமெண்ட் லாரி ஓடுகிற ரோடு. அந்த ரோட்டோரம் வேட்டியைக் காயப்போட்டு ஒரு தூறல் விழுந்தால் போதும், வேட்டி விறைத்து நட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு வேட்டியைச் சேர்த்து வைத்து ஒருவர் குளியலறையே கட்டிக்கொண்டார். அப்படிப்பட்ட ரோட்டைக் கடந்து வருவதற்குள் டீ ஆறி, மேலே ஆடையும் சாம்பல் பூச்சுமாக வந்து சேரும்.

"பச்சத் தண்ணியாட்டம் இருக்கே கொளஞ்சி!" என்று டீச்சர் ஒருநாள் முகத்தைச் சுளித்தார்.

கொளஞ்சி அன்று மத்தியானம் ஒரு கணக்குப் போட்டாள். ஆய்வகத்தில் காருக்கு வைக்கிற பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று சும்மா கிடந்தது. மூன்றாம் நம்பர் சுருள் ஐந்து ஓம். பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் இரண்டு புள்ளி நாலு ஆம்பியர். பன்னிரண்டையும் இரண்டு புள்ளி நாலையும் பெருக்கினால் இருபத்தெட்டு புள்ளி எட்டு வாட். ஒரு குண்டு பல்பின் சூடுகூட இல்லைதான். ஆனால் ஒரு டம்ளர் டீக்கு அரை மணி நேரம் அந்தச் சூடு போதும்.

மரக்கட்டையிலிருந்து கம்பியை உருவினாள். பூக்காரி சரம் அளப்பது போல முழங்கையில் அளந்தாள். சரியாகப் பத்து முழம். நூல் சுற்றிய கம்பி என்பதால் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் ஒன்றும் ஆகாது. கட்டினாள். மறுநாள் பதினொரு மணிக்கு, வேறு டம்ளரில் ஊற்றிக் கொடுத்த டீயை டீச்சர் வாயில் வைத்துவிட்டு, "ஊ ஊ" என்று ஊதினார். கொளஞ்சிக்கு அன்று வந்த சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. நாலாம் மாதம், ஒரு நாள் டீச்சர் டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போக, கொளஞ்சியை ஆபீஸில் கூப்பிட, பேட்டரியைக் கழற்ற மறந்துபோனாள். வெறும் டம்ளர் காய்ந்தது. கம்பி மேலிருந்த நூல் கருகியது. கம்பி டம்ளரைத் தொட்டது. தொட்ட இடத்தில் கரண்ட் டம்ளர் வழியாகக் குறுக்கே பாய்ந்து பொறி பறந்து, கம்பி அறுந்தே போனது. கருகல் நாற்றம் பெரம்பலூர் வரை போனதாகவும், அங்கே ஒரு ஓட்டல்காரர் தன் சாம்பாரை நாலு தடவை மோந்து பார்த்ததாகவும் சொல்வார்கள்.

கருகிய பாகத்தை வெட்டி எறிந்தாள். வீசியது இரண்டு முழம். மிச்சம் எட்டு முழத்தை மறுபடி கட்டையில் சுற்றி, மீட்டரில் வைத்துப் பார்த்தாள். நாலு ஓம். முழத்துக்கு அரை ஓம் வீதம் கணக்கு கச்சிதமாக இருந்தது.

ரிஜிஸ்டரைத் திறந்தாள். மூன்றாம் நம்பர்: ஐந்து ஓம், கோபுர முத்திரை. அடித்துத் திருத்தினால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் டீ வரும். டீ வந்தால் மெமோ வரும். மூடி வைத்துவிட்டாள். அரசாங்கம் ஐந்து என்று எழுதினால் அது ஐந்துதான். கம்பி வேண்டுமானால் நாலாக இருந்துகொள்ளட்டும். பட்டியலிலும் ஐந்து, தட்டுவதும் ஐந்து, மார்க்கும் முழுசு. யாருக்கு என்ன நஷ்டம்?

எண்பத்து நாலாம் வருஷத்துச் செய்முறைத் தேர்வு. பெரம்பலூர் பக்கத்திலிருந்து அரங்கநாதன் சார் அதிகாரியாக வந்தார். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் கிடைக்கிற கல்லாகிப்போன சங்கு ஒன்றை விடைத்தாள்மேல் எடைக்கு வைத்துவிட்டு, பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பெண்கள் சீட்டு எடுத்தார்கள். மூன்றாம் நம்பர் சுருள் கண்ணகிக்கு விழுந்தது.

கண்ணகி ரெட்டிபாளையத்துப் பெண். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். திருச்சியில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். "மார்க் வந்தா திருச்சி, வரலன்னா சாக்கு தைக்க வா" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

கொளஞ்சி துணியோடு வந்தாள். கண்ணகியின் மேசையில் ஐந்து தட்டு தட்டினாள்.

கண்ணகி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லக்கா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

மறுபடி ஐந்து தட்டு, கொஞ்சம் பலமாக.

"நாலுதான்க்கா வருது."

"எளுதுடின்னா!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் கொளஞ்சி. "எல்லாத்துக்கும் அளந்துகிட்டு நிப்பியா?"

"அளக்கச் சொல்லித்தானக்கா பரீட்சை?"

என்ன பெண் இது! மீதிப் பதினொரு பேரும் சமைத்து இறக்கிவிட்டு ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் மீட்டர் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வோல்ட்டுக்குக் கால் ஆம்பியர். ஒன்று புள்ளி இரண்டுக்குப் புள்ளி மூன்று. ஒன்று புள்ளி ஆறுக்குப் புள்ளி நாலு. எப்படி வகுத்தாலும் நாலு. அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

அரங்கநாதன் சார் பட்டியலை எடுத்தார். விடைத்தாளைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"கண்ணகி யாரும்மா? இது அஞ்சு ஓம் சுருள். நீ நாலுன்னு எழுதியிருக்கே. நூத்துக்கு இருபது தப்பு."

"சார், மீட்டர் அப்படித்தான் காட்டுது. ஆறு தடவ பாத்துட்டேன்."

"மத்த பதினோரு பேருக்கும் பட்டியல்ல உள்ளது புள்ளி பிசகாம வந்திருக்கு. ஒனக்கு மட்டும் மீட்டர் வேற மாதிரி காட்டுதா? கனெக்‌ஷன் தப்பாக் குடுத்திருப்பே."

"நீங்க வந்து பாருங்க சார்."

"நான் பாக்குறதுக்கு என்ன இருக்கு? பட்டியல்ல அஞ்சுன்னு இருக்கு." பேனாவைத் திறந்தார்.

கண்ணகி அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நாலுதான் சார்" என்றாள் மறுபடி.

கொளஞ்சி லீலாவதி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. ஒரு ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பேனா முள் தாளில் பட்டதும் கதை முடிந்துபோகும். வேலை இருக்கும், எறையூரில் ஆத்தாள் அளப்பும் இருக்கும். அந்தப் பெண் சாக்கு தைப்பாள். தைத்தால் என்ன, ஊரில் நூறு பேர் தைக்கவில்லையா? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொளஞ்சியின் கால் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டது. காலுக்குப் பின்னாலேயே வாயும் போயிற்று.

"சார், அந்தப் புள்ள சொல்றதுதான் சரி. அது நாலு ஓமுதான்."

அரங்கநாதன் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"அட்டெண்டர் சார்."

"அட்டெண்டருக்கு ஓம் கணக்கு எப்படித் தெரியும்?"

"அதுல ரெண்டு முழம் கம்பிய நாந்தான் சார் வெட்டுனேன். பத்து முழத்துக்கு அஞ்சு ஓமு. எட்டு முழத்துக்கு நாலு. முழத்துக்கு அரை ஓமு சார்."

பல்லிகூட மூச்சு விடவில்லை.

"எதுக்கு வெட்டினே?"

"கருகிப் போச்சு சார்."

"பரீட்சைக்கு வைக்கிற ரெண்டு வோல்ட் பேட்டரியில கம்பி எப்படிக் கருகும்?"

"ரெண்டு வோல்ட்டுல கருவாது சார். நான் பன்னெண்டு வோல்ட்டு குடுத்தேன்."

"பன்னெண்டா! அஞ்சு ஓமுக்கா? எத்தனை வாட் வரும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் தாளில் பெருக்கப் போனார்.

"இருவத்தெட்டு புள்ளி எட்டு சார்" என்றாள் கொளஞ்சி.

அவர் பெருக்கி முடித்தார். இருபத்தெட்டு புள்ளி எட்டு. பேனாவை மூடினார். "அத்தனை வாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணினே?"

"டீ சுட வெச்சேன் சார்."

எங்கோ ஒரு பெண் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சூடாச்சா?" அவரையும் மீறி அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"அரை மணி நேரம் ஆவும் சார். பொறும வேணும்."

"அரசாங்கப் பொருளை வெச்சு டீ போட்டுக் குடிச்சிருக்கே!"

"அவ குடிக்கலை சார்." லீலாவதி டீச்சர் ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். முகம் சிவந்திருந்தது. "குடிச்சது நான். எப்படிச் சுடுதுன்னு நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்கணும்."

அரங்கநாதன் சார் எழுந்தார். வேட்டியை ஒரு தரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணகியின் மேசைக்குப் போனார். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கரண்ட் ஓட விடுகிற சாவியைச் செருகினார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். ஒரு வோல்ட், கால் ஆம்பியர். மறுபடி பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பரீட்சை வைக்கப் போகிற மனுஷர், பரீட்சை மேசையில் மீட்டரைக் குனிந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று அவர் இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்தே தெரிந்தது.

"நாலு" என்றார். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, கண்ணகிக்கு முழு மார்க் போட்டார். பிறகு பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு மற்றப் பதினொரு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எது எது வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். கொளஞ்சியும் தட்டிய கதையை வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் தலையைக் கொடுக்கலாம். பதினொரு பெண்களின் தலையைச் சேர்த்துக் கொடுக்க அவளுக்கு யார் அதிகாரம் தந்தது?

"நான் இதை எழுதித்தான் ஆகணும்மா" என்றார் கிளம்பும்போது.

"எளுதுங்க சார். வாட்ட மட்டும் கொறச்சு எளுதிடாதீங்க."

இருபதாம் நாள் மெமோ வந்தது. அரசுடைமையான மின்தடைச் சுருளைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்திச் சேதப்படுத்தியது ஏன், விளக்கம் தருக. பள்ளியே கூடி அழுதது. ஒரு பெண் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். லீலாவதி டீச்சர் உருக்கமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கொளஞ்சி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது டீச்சர், ஆனா இதுல கணக்கே இல்லியே" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டுத் தானே எழுதினாள்:

"ஐயா, வணக்கம். கம்பி பத்து முழம், ஐந்து ஓம். கொடுத்தது பன்னிரண்டு வோல்ட். ஓடியது 2.4 ஆம்பியர். சூடு 28.8 வாட். டம்ளரில் டீ இருந்த மட்டும் சூட்டை டீ வாங்கிக்கொண்டது. டீ தீர்ந்த பிறகு வாங்க ஆளில்லாமல் நூல் கருகியது. கழற்ற மறந்தது என் குற்றம். இரண்டு முழம் சேதம், ஒரு ஓம் நஷ்டம். மிச்சம் நாலு ஓம் நல்ல நிலையில் உள்ளது. ரிஜிஸ்டரில் ஐந்து என்று இருப்பதைத் திருத்தாமல் விட்டது அதைவிடப் பெரிய குற்றம். அதனால் ஒரு பெண்ணின் படிப்பு போக இருந்தது. இப்படிக்கு, கொளஞ்சியம்மாள்."

இதைப் படித்த மேலதிகாரி, பக்கத்து அறையிலிருந்த இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்ட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, அன்று அந்த ஆபீஸில் ஒரு ஃபைலும் நகரவில்லை. எல்லோரும் பன்னிரண்டை ஐந்தால் வகுத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி.

மே மாசம் உத்தரவு வந்தது. பள்ளி மூடியிருந்ததால் கொளஞ்சி ஆபீஸ் வாசல்படியில் நின்றே பிரித்தாள். முதல் வரி: மேற்படியார் கண்டிக்கப்படுகிறார். இரண்டாம் வரி: மேற்படியார் இனி ஆண்டுதோறும் ஜூன் மாதம் எல்லாச் சுருள்களின் மின்தடையையும் தாமே அளந்து இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும். மூன்றாம் வரியைத் தேடினாள். இல்லை. அவ்வளவுதான்.

"ஏன் கொளஞ்சி, வேலை போச்சா, இருக்கா?" என்று லீலாவதி டீச்சர் பதறிக்கொண்டு வந்தார்.

"இருக்குது டீச்சர். கூடியிருக்குது."

கண்ணகி திருச்சிக்குப் போய்விட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், கொளஞ்சி பன்னிரண்டு சுருளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மீட்டர்களை மாட்டினாள். ஒரு தாளில் மூன்று கட்டம் கிழித்தாள்: வோல்ட், ஆம்பியர், வகுத்தால் வருவது. லீலாவதி டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

முதல் சுருள், ரிஜிஸ்டரில் இரண்டு. அளந்தால் இரண்டரை.

"மறுபடி பாரு" என்றார் டீச்சர்.

இரண்டரைதான். இரண்டாம் சுருள், ரிஜிஸ்டரில் மூன்று. அளந்தால் இரண்டு புள்ளி ஏழு. நாலாவது சரியாக இருந்தது. ஐந்தாவது ஒரு ஓம் கூட. ஏழாவது எந்தக் கணக்கிலும் சேராத கணக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. முடித்தபோது பன்னிரண்டில் ஒன்பது தப்பு. மூன்றாம் நம்பர் ஒன்றுதான் இவள் கைபட்டது. மற்ற எட்டும் இவள் ஒரு கம்பியையும் தொடாத காலத்திலிருந்தே, வாங்கிய நாளிலிருந்தே, தப்பு. அத்தனை வருஷமும் அத்தனை பெண்களும் அந்தத் தப்புக்குத்தான் புள்ளி பிசகாமல் விடை கண்டுபிடித்து முழு மார்க் வாங்கியிருக்கிறார்கள்.

லீலாவதி டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இத யார்கிட்டயும் சொல்லிடாத கொளஞ்சி."

"சொல்லல டீச்சர். எளுதிடுறேன்."

சிவப்பு மையில் ஒன்பது எண்களையும் அடித்தாள். பக்கத்தில் ஒன்பது புது எண்கள். காரணம் எழுதுகிற கட்டத்தில் ஒன்பது தடவையும் 'அளந்து பார்த்தது' என்று எழுதினாள். தேதி போட்டாள். மை காய்கிறவரை ரிஜிஸ்டரை மூடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.